பழக்கிய தண்ணீர்

ஜனவரி 6

மில்லில் முப்பத்தோரு வருஷம் பாய்லர் ரூமில் இருந்தவனுக்கு எழுதாமல் இருந்தால் கை நமநமக்கிறது. அங்கே மணிக்கொரு முறை பிரஷர், தண்ணீர் மட்டம், தண்ணீரின் கடினத்தன்மை எல்லாம் லாக் புக்கில் ஏறியாக வேண்டும். எழுதாத வேலை செய்யாத வேலை என்பார் எங்கள் இன்ஜினியர். ஓய்வு பெற்று இரண்டரை வருஷம் ஆகிறது. இன்று மூலனூர் போனபோது கோடு போட்ட நோட்டு ஒன்று வாங்கினேன். இனித் தோட்டத்துக்கும் லாக் புக்.

தோட்ட நிலவரம்: எலுமிச்சை இருநூற்று இருபது. பதினோரு வரிசை, வரிசைக்கு இருபது. நட்டு இரண்டு வருஷம். போர்த் தண்ணீர், சொட்டு நீர்க் குழாய். பிரஷர் ஒன்றரை. டிரிப்பர்களில் பாதி அடைப்பு. கழற்றி உடைத்துப் பார்த்தால் உள்ளே வெள்ளைக் காரை. ஊசியால் குத்திவிட்டால் இரண்டு நாள் சொட்டும், மூன்றாம் நாள் பழையபடி ஆகிவிடும்.

வீட்டு நிலவரம்: ஆள் ஒன்று. ருக்குமணி ஓசூரில் மகள் வாணி வீட்டில். பிரசவத்துக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனாள். பேத்திக்கு இப்போது பதினாலு மாதம்.

ஜனவரி 7

நேற்று எழுதியதைப் படித்தால் ருக்குமணி கோபித்துக்கொண்டு போனவள் போலத் தெரிகிறது. அப்படி இல்லை. பிரசவத்துக்குத்தான் போனாள். போகும் முன்பு ஒரு சின்னப் பேச்சு நடந்தது, அவ்வளவுதான். காரை படியும் இந்தச் சப்பைத் தண்ணீரை நம்பி மரம் வைக்க வேண்டாம் என்று அவள் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள். பாய்லருக்கே தண்ணீரைப் பழக்கியவன் நான், செடிக்குப் பழக்க மாட்டேனா என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது, "செடி பூத்தாச் சொல்லுங்க, வந்து பார்க்கறேன்" என்றாள்.

எலுமிச்சைக்கு இது மூன்றாம் வருஷம். ஆடிக்குள் பூத்தாக வேண்டும். நானும் அதைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறேன், மறைப்பானேன்.

ஜனவரி 11

சொட்டு நீர்க் குழாய் போட்டுக் கொடுத்த கம்பெனி ஆள் வந்தான். பதினைந்து நாளைக்கு ஒரு தடவை ஆசிட் கலந்து விட்டால் காரை கரைந்துவிடும் என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. வந்த நோய்க்கு மருந்து கொடுப்பது யாருக்கும் தெரியும். நோயே வராமல் செய்வதுதானே வேலை தெரிந்தவன் லட்சணம்? பாய்லரில் காரை பிடித்தபின் சுரண்டுகிறவனுக்குப் பெயர் ஆபரேட்டர் இல்லை.

ஜனவரி 19

மில்லில் என்னோடு இருந்த ஃபிட்டர் தாவூதுக்கு நாலு நாள் முன்பு போன் போட்டேன். பாய்லருக்குப் புது மெஷின் வந்துவிட்டதாம். பழைய சாப்ட்னர் கொட்டகைக்குப் பின்னால் துரு ஏறிக் கிடக்கிறதாம். சொல்லிக் கேட்டு வாங்கி இன்று டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தே விட்டார். ஆள் உயரத் தொட்டி. பார்த்ததும் பழைய கூட்டாளியைப் பார்த்த மாதிரி இருந்தது.

இது என்ன என்று தோட்ட வேலைக்கு வாரம் இரண்டு நாள் வரும் ஆராயி கேட்டாள். காரை படிய வைக்கும் சுண்ணாம்புச் சத்தை இந்தத் தொட்டியில் இருக்கும் மணிகள் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மென்மையாகி வெளியே வரும் என்றேன். பிடித்துப் பிடித்து மணி களைத்துப்போனால் உப்புக் கரைசல் ஊற்றிக் கழுவினால் மறுபடி தெம்பு வந்துவிடும். அவள் தலையாட்டிவிட்டுக் களை எடுக்கப் போனாள்.

தாவூது சாப்பிடாமல் கிளம்பிவிட்டார். இரண்டு பேருக்கு அரிசி போட்டிருந்தேன்.

ஜனவரி 23

சாப்ட்னர் ஓடுகிறது!

முதல் தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக் கடினத்தன்மை பார்க்கும் மருந்து விட்டேன். போர்த் தண்ணீருக்கு முப்பது சொட்டு விட்டாலும் சிவப்பாகவே நிற்கும். இதற்கு இரண்டே சொட்டில் நீலம். மில்லில் இந்த நீலத்தைப் பார்க்கும்போது உண்டாகும் நிம்மதியை வெளி ஆளுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. யாரிடமாவது காட்ட வேண்டும் போல இருந்தது. ஆராயி வராத நாள். குழாயைச் சன்னலில் வைத்துவிட்டு நானே நாலு தடவை போய்ப் பார்த்தேன்.

அடைத்த டிரிப்பர்களை எல்லாம் கழற்றிவிட்டுப் புதிது மாட்டியாயிற்று.

பிப்ரவரி 9

ஞாயிறு. ஏழு மணிக்கு ருக்குமணி போன். பேத்தி நடக்கிறாளாம், கதவைப் பிடித்துக்கொண்டு. செடி எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பிரமாதம் என்றேன். தண்ணீர்? பழக்கிவிட்டேன் என்றேன். சிரித்தாள் என்று நினைக்கிறேன். சிக்னல் சரியில்லை.

பிப்ரவரி 20

டிரிப்பர் ஒன்றுகூட அடைக்கவில்லை. நிமிஷத்துக்கு இத்தனை மில்லி என்று கோப்பை வைத்து அளந்தேன். பதினோரு வரிசையும் ஒரே அளவு. தவறு, பத்து வரிசை. வீட்டை ஒட்டிய முதல் வரிசைக் குழாயை அணில் கடித்துத் துண்டு துண்டாக்கிவிட்டது. அதை மாற்றவில்லை. போர் வாயில் இருக்கும் குழாயில் ஹோஸ் மாட்டி மாலையில் நானே நின்று அந்த வரிசைக்கு விடுகிறேன். வீட்டுக்குள் போவதற்கு முன் நிற்க அது ஒரு சாக்கு.

வாரம் ஒரு மூட்டைக் கல்லுப்பு ஆகிறது. கடைக்காரர் ஊறுகாய்க் கம்பெனி வைத்துவிட்டேனா என்று கேட்கிறார். தொட்டி கழுவிய தண்ணீரை வேலி ஓரம் விடுகிறேன். அந்தப் பக்கம் கோரைகூட முளைப்பதில்லை. களை எடுக்கும் வேலை மிச்சம்.

மார்ச் 4

காய்ச்சல். கஞ்சி வைத்துக்கொண்டேன். பிரஷர் பார்க்கவில்லை.

மார்ச் 5

இன்றும்.

மார்ச் 9

ஞாயிறு. காய்ச்சலைச் சொல்லவில்லை. சொன்னால் அவள் அங்கே கவலைப்படுவாள். எல்லாம் நல்லா இருக்குது என்றேன். அப்படியா, சந்தோஷம் என்றாள். அப்புறம் வைக்கட்டுமா என்றாள். சரி என்றேன்.

மார்ச் 18

ஆராயி இன்று மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டாள். "ஏனுங்கண்ணா, மண்ணு முன்னாட்ட இல்லீங். நனைஞ்சாக் கால்ல அப்பிக்குது, காஞ்சாக் கல்லாட்ட ஆயிருது" என்றாள்.

செம்மண் அப்படித்தான் இருக்கும் என்றேன். இத்தனை வருஷமாக இந்தப் பக்கத்துச் செம்மண்ணில்தானே வேலை செய்கிறேன் என்று முணுமுணுத்தாள். தண்ணீர் சரியாகப் போகிறது, டிரிப்பர் சரியாகச் சொட்டுகிறது, பிரஷர் சரி. இதற்கு மேல் என்ன வேண்டும்?

அவளுக்கு இந்தத் தண்ணீர் ஒரு விதத்தில் பிடித்திருக்கிறது. குடம் கொண்டு வந்து துணி துவைக்க எடுத்துப் போகிறாள். கொஞ்சம் சோப்பிலேயே நுரை பொங்குகிறதாம்.

ஏப்ரல் 2

நாலாம் வரிசையிலும் ஐந்தாம் வரிசையிலும் இலை நுனி பழுத்திருக்கிறது. ஓரம் தீய்ந்த தோசை மாதிரி. வெயில் இந்த வருஷம் அதிகம். தண்ணீரை அரை மணி கூட்டினேன்.

ஏப்ரல் 10

இலை கொட்டுகிறது. இன்னும் அரை மணி கூட்டினேன். உப்பு வாரம் ஒன்றரை மூட்டை.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. கனி வைக்க ஆளில்லை, பார்க்க மட்டும் ஓர் ஆள் இருந்தேன். இரண்டு பழமும் கண்ணாடியும் எடுத்து நானே வைத்து நானே கண்ணை மூடிக்கொண்டு வந்து பார்த்தேன். கண்ணாடியில் தெரிந்த முகத்துக்குச் சவரம் செய்ய வேண்டும்.

ஏப்ரல் 27

ஞாயிறு. வாணி வீடியோவில் கூப்பிட்டாள். அப்பா, தோட்டத்தைக் காட்டுங்க, அம்மா பார்க்கணுமாம் என்றாள். போனை எடுத்துக்கொண்டு முதல் வரிசைக்குப் போனேன். அங்கே செடிகள் கரும்பச்சையாக இருக்கின்றன, புதுக் கொழுந்தெல்லாம் விட்டு. ஒவ்வொன்றாகக் காட்டினேன். பின்னால் இருப்பதையும் காட்டுங்க என்று ருக்குமணி குரல் கேட்டது. இருட்டுகிறது, இன்னொரு நாள் என்றேன்.

இருட்ட இன்னும் அரை மணி இருந்தது. ஓசூரிலும் அதே பொழுதுதான் இருந்திருக்கும்.

மே 9

மழை.

மத்தியானம் கருத்துக்கொண்டு வந்து ஒரு மணி நேரம் பெய்தது. இந்தக் காட்டில் கோடை மழை பெய்தால் மண் உறிஞ்சுகிற சத்தம் கேட்கும் என்று பெரியவர்கள் சொல்வார்கள். மழை விட்டதும் குடையில்லாமல் ஓடினேன்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் மாரப்பன் காடு, வெறும் சோளத் தட்டை நின்ற காடு, ஒரு சொட்டுத் தேங்காமல் குடித்திருந்தது. என் தோட்டத்தில் தண்ணீர் நின்றது. ஒவ்வொரு செடியடியிலும் தட்டு வைத்து ஊற்றிய மாதிரி, செங்கல் கலங்கலாக. ஒரு மணி ஆகியும் இறங்கவில்லை. இரண்டு மணி ஆகியும் இறங்கவில்லை. கையை விட்டுத் துழாவினேன். மேலே ஒரு ஏடு வழுவழுவென்று இருந்தது. அதைக் கிழித்துக் கீழே தோண்டினால் உள்ளே பொடி மண், காய்ந்துபோய்க் கிடக்கிறது. மழை பெய்த மண்ணுக்குள் ஈரமே இல்லை. வேர் இருக்கும் இடம் அது.

முதல் வரிசையில் மட்டும் தண்ணீர் நிற்கவில்லை.

மே 10

தண்ணீர் இன்னும் நிற்கிறது.

மே 13

ஐந்தாம் வரிசையில் மண் எடுத்துத் துணிப் பையில் கட்டி, போர்த் தண்ணீர் ஒரு பாட்டில் பிடித்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துவிட்டு வந்தேன். பிருந்தா என்று ஒரு பெண் வாங்கிக்கொண்டாள். வாணியைவிடச் சின்னவள். பாட்டிலைக் கழுவித்தான் பிடித்தீர்களா, மோட்டார் அரை மணி ஓடியபின் பிடித்தீர்களா என்று கேட்டாள். எனக்கே சொல்லிக் கொடுக்கிறாள் என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன்.

சாப்ட்னர் பற்றி அவள் கேட்கவில்லை.

மே 26

பிருந்தா கூப்பிட்டாள். தண்ணீர் கொஞ்சம் கடினம், ஆனால் சமாளிக்கலாம் என்றாள். மண்தான் மோசம். சோடியம் ஏறி மண் செத்துக் கிடக்கிறது என்றாள். மண் சாகுமா என்று கேட்டேன். இந்தத் தண்ணீருக்கு மண் இப்படி ஆகவே ஆகாது, வேறு ஏதாவது விடுகிறீர்களா என்றாள். இல்லை என்றேன். சாயப்பட்டறைத் தண்ணீர் ஏதாவது? இல்லை. உரம்? சாணி எருதான்.

"இடையில என்னமோ நடந்திருக்குங்க ஐயா. யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

யோசிக்க ஒன்றும் இல்லை. ரொம்ப நாளாக எனக்குப் பதில் தெரிந்த கேள்வி அது. இன்று உப்பு மூட்டை வாங்கவில்லை. ஆனால் சாப்ட்னரை நிறுத்தவும் இல்லை. நிறுத்தினால் ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். யாரிடம் ஒப்புக்கொள்வது, இங்கே நானும் காக்கையும்தானே இருக்கிறோம்?

ஜூன் 4

முதல் வரிசை பூத்திருக்கிறது.

காலையில் பல் விளக்கிக்கொண்டே போனேன். வாசம் முதலில் வந்தது, பிறகுதான் பார்த்தேன். மூன்றாவது செடியில் நாலு பூ, ஏழாவதில் ஒரு கொத்து. வெள்ளையில் ஓரம் லேசான ஊதா. வாயில் நுரையோடு அப்படியே நின்றேன். இருபது மாதமாக இதற்குத்தான் காத்திருந்தேன். போனை எடுத்தேன். ருக்குமணி பேரைத் தேடி விரல் வைக்கப் போனேன்.

பூத்தால் வந்து பார்ப்பேன் என்றுதானே சொன்னாள். வந்தால் முதல் வரிசையோடு நிற்க மாட்டாள். பின்னால் போவாள். பின்னால் பத்து வரிசை குச்சி.

போனை உள்ளே வைத்தேன்.

ஜூன் 8

ஞாயிறு. பேத்தி மாடிப்படி ஏறுகிறாளாம். வாணி வீட்டு மிக்சி ரிப்பேராம். நான் மழையைப் பற்றிப் பேசினேன், வெயிலைப் பற்றிப் பேசினேன். பூவைப் பற்றிப் பேசவில்லை. நான் சொல்லாதது மட்டுமில்லை, அவள் கேட்டுவிடுவாளோ என்று பயந்துகொண்டே பேசியதும்தான் என்னை என்னவோ செய்கிறது.

கேட்கவில்லை. அதுவும் கஷ்டமாக இருந்தது.

ஜூன் 15

ஞாயிறு. இன்று கேட்டாள். "இன்னும் பூக்கலீங்களா?"

இல்லை என்றேன்.

பரவால்லீங்க, பூக்கறப்பப் பூக்கட்டும் என்றாள். போனை வைத்தபின் முதல் வரிசைக்குப் போய்ப் பூவைக் கிள்ளி எறியலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஐம்பத்தொன்பது வயது மனுஷனுக்குத் தோன்றுகிற புத்தியா இது? கிள்ளவில்லை. செடி என்ன பாவம் செய்தது.

ஜூன் 23

மில்லில் தோட்டக்காரர் ரங்கன் என்று ஒருவர் இருந்தார். வாசலில் குரோட்டன்ஸ், அரளி, நாலு கொய்யா. முப்பத்தோரு வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் சாப்ட்னர் குழாயில் ஹோஸ் மாட்டியதில்லை. பக்கத்திலேயே அது இருந்தும் தூரத்துத் தொட்டியிலிருந்து சுமந்துகொண்டு போவார். நல்ல தண்ணீரை வீணாக்க வேண்டாம் என்று நினைக்கிறார், விசுவாசமான மனுஷன் என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு தடவை கேட்டும் இருக்கிறேன். அவர் சிரித்தார். "அது உங்க பாய்லர் குடிக்கற தண்ணிங்க சாமி, எஞ்செடி குடிக்காது" என்றார்.

அன்றைக்கு நானும் சிரித்தேன். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துச் சிரித்தேன்.

சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு மணிகள் என்ன விடுகின்றன என்று எனக்குத் தெரியாதா? ட்ரெயினிங்கில் முதல் பாடம் அதுதான். சுண்ணாம்பை வாங்கிக்கொண்டு உப்பைக் கொடுக்கும். வாரம் ஒரு மூட்டை உப்பு எங்கே போயிற்று என்று நினைத்தேன்? கொஞ்சம் வேலி ஓரத்துக்குப் போயிற்று. மீதி முழுதும் டிரிப்பர் டிரிப்பராக, அளவு தவறாமல், ஒவ்வொரு செடியின் காலடிக்கும் நானே கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறேன். இலை தீயத் தீயத் தண்ணீரைக் கூட்டி அதிகமாகச் சேர்த்தேன். அணில் குழாயைக் கடித்ததால் முதல் வரிசை மட்டும் போர்த் தண்ணீரைக் குடித்துத் தப்பியது. பாய்லர் இரும்பு. அதற்குக் காரைதான் எதிரி. என் கண்ணுக்குக் குழாய்தான் தெரிந்தது, குழாய் முடிகிற இடத்துக்கு அப்பால் நான் பார்க்கவே இல்லை.

மார்ச்சில் ஆராயி சொன்னபோதே எனக்குச் சுருக்கென்றது. அதை அன்று எழுதவில்லை. இன்று எழுதுகிறேன்.

ஜூலை 2

இரண்டாவது பாட்டிலைக் கொண்டுபோனேன். மிச்சமிருந்த உப்பில் மணிகளைக் கழுவிவிட்டுச் சாப்ட்னர் வாயில் பிடித்தது. பிருந்தா பக்கத்து மேசையிலேயே சோதித்தாள். மருந்து விட்டதும் நீலமானது. நீலத்தைப் பார்க்கப் பிடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், வாழ்க்கையில் முதல் தடவையாக.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இது எந்தக் கெணறுங்க? இதுல சுண்ணாம்புச் சத்தே இல்லீங்களே."

"கெணறு இல்லீங். இது நான் செஞ்ச தண்ணி" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னாள். சாப்ட்னரைக் கழற்றிவிடுங்கள், செடியடிக்குச் சுண்ணாம்புச் சத்துள்ள ஜிப்சம் போட்டுக் கொத்திவிடுங்கள், டிரிப்பருக்கு ஆசிட் போதும், ஐப்பசி மழை வந்து உப்பைக் கீழே தள்ளட்டும் என்றாள். பிழைக்குமா என்றேன். பச்சைக் குச்சியாக இருப்பது பிழைக்கலாம், மண் தேற இரண்டு மூன்று வருஷம் ஆகும் என்றாள். வீட்டில் இதையெல்லாம் பார்க்கத் துணைக்கு யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். இருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். அங்கேயும் ஒரு பொய் சொல்லாமல் வெளியே வர முடியவில்லை, என்ன ஜென்மமோ.

ஜூலை 6

சாப்ட்னரைக் கழற்றினேன். தாவூது வந்து கை கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார், அது போதுமே. இன்று சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

ஆராயியிடம் ஒவ்வொரு செடியாக நகத்தால் கீறிப் பார்க்கச் சொன்னேன். பட்டைக்குள் பச்சை இருந்தால் ஒரு துணி கட்டு என்றேன். தன் பழைய சேலையைக் கிழித்துக்கொண்டு வந்திருந்தாள். சாயந்தரம் எண்ணினோம். இருநூறில் முப்பத்தெட்டுத் துணி. முதல் வரிசை இருபதும் தப்பித்தது. மார்ச்சில் நீ சொன்னதைக் கேட்டிருந்தால் இன்னும் நிறையத் துணி கட்டியிருப்பாய் என்றேன். "கேக்கற காலம் வரோணுமல்லங்க" என்று சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

ஞாயிறு என்பதே ஏழு மணிக்குப் போன் அடித்தபோதுதான் நினைவு வந்தது. எடுக்கவில்லை. குளிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வாள்.

ஜூலை 13

ஞாயிறு. எடுத்தேன். நல்லா இருக்குது என்றேன்.

ஜூலை 16

மூன்று நாளாக அந்த "நல்லா இருக்குது" காதிலேயே நிற்கிறது. இன்று காற்று பலமாக அடித்தது, ஆடி பிறக்கப் போகிறது. முப்பத்தெட்டுச் செடிக்கும் ஜிப்சம் கொத்தி முடித்துக் கை கழுவினேன். கழுவிய கையோடு ருக்குமணிக்குப் போன் போட்டேன். நானாகக் கூப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று யோசித்தேன், நினைவுக்கு வரவில்லை. எப்போதும் அவள்தான் கூப்பிடுவாள்.

"என்னாச்சுங்க, புதங்கெழமையில கூப்படறீங்க? ஒடம்புக்கு என்னமோ ஆயிப்போச்சா?" என்றாள்.

உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன். பிறகு, "செடி போச்சு ருக்கு. நாந்தான் கெடுத்தேன்" என்றேன்.

சாப்ட்னர், உப்பு, மழை, மண் பரிசோதனை என்று வரிசையாகச் சொன்னேன். முதல் வரிசை பூத்ததையும், பூத்ததை மறைத்ததையும் சொன்னேன். நடுவில் பேத்தி எதையோ தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. காய்ச்சல் வந்ததையும் சொல்லிவிட்டேன். அதற்கும் தோட்டத்துக்கும் சம்பந்தமில்லை, ஆனால் அதுவும் சேர்ந்து வந்துவிட்டது.

எப்போதிருந்து என்று கேட்டாள். மார்ச்சிலிருந்து என்றேன்.

"மார்ச்சுல இருந்து ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம நல்லா இருக்குது, நல்லா இருக்குதுன்னீங்க."

ஆமாம் என்றேன்.

அவள் அழுகிறாளோ என்று பயந்தேன். அழவில்லை. மெதுவாகத்தான் பேசினாள். "நானும் நம்பிட்டனுங்க. நானில்லாம அவருக்கு அங்க எல்லாம் நல்லாத்தான் இருக்குது, நாம் போயி என்ன பண்றதுன்னு இருந்துட்டேன். வாணி எத்தன தடவ சொன்னா, அப்பா தனியா இருக்கறாரு, நீ போம்மான்னு. அவரு கூப்புடட்டும்னு சொன்னேன். கூப்படவே இல்ல நீங்க."

பூத்தால்தானே வருவதாகச் சொன்னாய் என்றேன். பூத்தாலாவது கூப்பிடுவீர்களே என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றாள். அதன்பின் செடி எப்படி, பூக்கலையா என்று அவள் கேட்டதையெல்லாம் நான் நினைத்துப் பார்த்தேன். அவள் கேட்டது செடியைப் பற்றியே இல்லை, ஒரு தடவைகூட.

"நான் வரட்டுங்களா?" என்றாள்.

வந்து பார்க்க இங்கே ஒன்றும் இல்லை, குச்சியும் துணியும்தான் இருக்கிறது என்றேன். என்ன மனுஷன் நான், அப்போதும் அதைத்தான் சொன்னேன். அவள் போனை வைக்கவில்லை. காத்திருக்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"வா" என்றேன். "என்னால தனியா முடியல. வந்துரு ருக்கு."

முப்பத்து மூன்று வருஷத்தில் நான் அவளை வா என்று கூப்பிட்டது இதுதான் முதல் தடவையாம். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.